தேரா மன்னனும் மேகோம்ப் ஜூரியும்: ஒரு பதினொன்றாம் வகுப்பு வாசிப்பு

அடையாறு பக்கம் உள்ள ஓர் அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 24 பேரோடு பன்னிரண்டு சனிக்கிழமைகள் உட்கார்ந்து ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலைப் படித்தோம். பாடத்திட்டத்தில் இல்லாத புத்தகம். மார்க் கிடையாது. வர விரும்பியவர்கள் வந்தார்கள். எது கைகொடுத்தது, எங்கே நான் தவறினேன் என்பது மற்ற ஆசிரியர்களுக்கு உதவட்டும் என்று எழுதிவைக்கிறேன். பிள்ளைகளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

நாவலைப் படிக்காதவர்களுக்குச் சுருக்கமாக. 1960இல் வெளிவந்து, அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசு வாங்கியது. கதை நடப்பது 1930களில், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், மேகோம்ப் என்ற கற்பனைச் சிற்றூரில். சொல்பவள் ஸ்கௌட் என்ற சிறுமி. அவள் அப்பா அட்டிகஸ் ஃபின்ச் ஒரு வக்கீல். மயெல்லா என்ற வெள்ளைக்காரப் பெண்ணைப் பலாத்காரம் செய்ததாக டாம் ராபின்சன் என்ற கறுப்பினத் தொழிலாளி மீது வழக்கு. மயெல்லாவின் முகத்தில் வலப் பக்கம்தான் காயம். அடித்தவர் இடது கைக்காரராக இருக்க வேண்டும். டாமின் இடது கையோ சிறுவயதிலேயே பஞ்சு அரைவை இயந்திரத்தில் சிக்கிச் சூம்பிப்போனது. அவளுடைய அப்பா இடது கைக்காரர் என்பதும் கோர்ட்டிலேயே தெரிந்துவிடுகிறது. இத்தனையும் கண்ணால் பார்த்த பிறகு, வெள்ளைக்கார ஆண்கள் பன்னிரண்டு பேர் கொண்ட ஜூரி, அதாவது தீர்ப்புச் சொல்வதற்காகப் பொதுமக்களிலிருந்து எடுத்த குழு, டாமைக் குற்றவாளி என்கிறது. பிறகு சிறையிலிருந்து தப்பப் பார்த்தபோது அவனைச் சுட்டுக் கொல்கிறார்கள்.

இதை வெறும் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது. 1931இல் அதே அலபாமாவில், ரயிலில் போன கறுப்பின இளைஞர்கள் ஒன்பது பேர் மீது இதே குற்றச்சாட்டு விழுந்தது. ஸ்காட்ஸ்பரோ வழக்கு என்பார்கள். ஒன்பது பேரில் எட்டுப் பேருக்கு முதல் விசாரணையிலேயே மரண தண்டனை. பெரும்பாலோர் என் வகுப்புப் பிள்ளைகள் வயதுக்காரர்கள். கறுப்பினத்தவரை ஜூரிப் பட்டியலிலேயே சேர்க்காமல் வைத்திருந்தது தவறு என்று 1935இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டிவந்தது.

படித்த விதம்

நாவலில் 31 அத்தியாயங்கள். பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் பத்தாவது வரை தமிழ் மீடியம். அதனால் பத்து அத்தியாயங்களை மட்டும் ஆங்கிலத்தில் சத்தமாகப் படிப்பது, மீதியைத் தமிழில் கதையாகச் சொல்வது என்று வைத்துக்கொண்டோம். விசாரணை நடக்கும் 17 முதல் 21 வரையிலான அத்தியாயங்களை மட்டும் ஒரு வரி விடாமல் படித்தோம்.

ஜூரி என்றால் என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. நம் ஊரில் அது ஒழிந்து அரை நூற்றாண்டு ஆகிறதே. தியாகராஜ பாகவதர் கதையைச் சொன்னேன். பிராட்வே தியேட்டரில் 'ஹரிதாஸ்' ஓடிக்கொண்டிருந்தபோதே, 1944 கடைசியில், லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவரையும் என்.எஸ். கிருஷ்ணனையும் பிடித்துப் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜூரி வைத்துத்தான் விசாரணை நடந்தது, தண்டனையும் கிடைத்தது. லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை போய் 1947இல்தான் இருவரும் வெளியே வந்தார்கள். பாரிமுனைப் பக்கம் பஸ்ஸில் போகும்போது தெரிகிற அந்தச் சிவப்புக் கட்டடத்தில் இதெல்லாம் நடந்தது என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அடுத்தது வசைச்சொல். கறுப்பினத்தவரை இழிவாகச் சொல்லும் அந்த ஆங்கிலச் சொல் நாவலில் நிறைய வரும். படிக்கும்போது அதை உச்சரிக்காமல் ஒரு நொடி நிறுத்திவிட்டுப் போவது என்று முதல் நாளே பேசிக்கொண்டோம். "புக்லயே இருக்கே மிஸ், நம்ம சொன்னா என்ன?" என்று ஒரு பையன் கேட்டான். நியாயமான கேள்வி. பதிலுக்கு 'பரையா' என்ற ஆங்கிலச் சொல்லைக் கரும்பலகையில் எழுதினேன். சமூகம் ஒதுக்கிவைத்த ஆள் என்று அகராதி பொருள் சொல்லும். எந்த மொழியிலிருந்து போனது என்று கேட்டேன். லத்தீன் என்றார்கள், பிரெஞ்சு என்றார்கள். தமிழ் என்றேன். பறை என்ற இசைக்கருவியோடு சேர்ந்து வழங்கும் பறையர் என்ற பெயரை எடுத்துப் போய், உலகம் முழுக்க ஒதுக்கப்பட்டவனுக்கு அடையாளமாக வைத்துவிட்டார்கள். வகுப்பு அமைதியாகிவிட்டது. சண்டாளன் என்பதும் அட்டவணைச் சாதிப் பட்டியலில் இருக்கிற பெயர் என்றேன். "எங்க ஆயா தினமும் திட்டுமே மிஸ்!" என்றாள் ஒரு பெண், நிஜமாகவே பதறிப்போய். அதற்கப்புறம் அந்த ஆங்கிலச் சொல் வரும் இடத்தில் நிறுத்த யாருக்கும் நான் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

தூரத்துக் கண்ணீர்

மூன்றாவது சனிக்கிழமை கோர்ட் ஹாலைப் படமாக வரைந்தேன். நீதிபதி, ஜூரி, கீழே வெள்ளைக்காரர்களின் பெஞ்சுகள், மேலே கறுப்பினத்தவருக்கு ஒதுக்கிய மாடம். நீங்கள் அங்கே இருந்திருந்தால் எங்கே உட்கார்ந்திருப்பீர்கள், ஒரு புள்ளி வையுங்கள் என்றேன். ஏறக்குறைய எல்லாப் புள்ளியும் மாடத்தில், ஸ்கௌட் பக்கத்தில் விழுந்தன. ஜூரிப் பெட்டிக்குள் ஒன்றுகூட இல்லை.

நல்ல பிள்ளைகள்தான். டாமுக்காக உண்மையாகவே வருத்தப்பட்டார்கள். ஆனால் அந்தப் படத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கவலையாக இருந்தது. எல்லோரும் நல்லவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் அந்தத் தீர்ப்பைச் சொன்னது யார்? நாவலிலேயே இதற்கு ஒரு காட்சி இருக்கிறது. 24ஆம் அத்தியாயத்தில் மேகோம்ப் ஊர்ப் பெண்கள் டீ குடித்துக்கொண்டே ஆப்பிரிக்காவில் எங்கோ இருக்கும் ஒரு பழங்குடிக்காக உருகுகிறார்கள். அதே மூச்சில், தங்கள் வீட்டில் வேலை செய்யும் கறுப்பினப் பெண்கள் தீர்ப்புக்குப் பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதாகக் குறைப்படுகிறார்கள்.

சரி, பக்கத்தில் கொண்டுவருவோம் என்று நாங்குநேரியைச் சொன்னேன். 2023 ஆகஸ்ட்டில் ஒரு பட்டியலினப் பள்ளி மாணவனை, கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகு தமிழ்நாடு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை வைத்து ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் வந்த அறிக்கை, பிள்ளைகள் சாதி காட்டும் வண்ணக் கயிறு கட்டி வரக் கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி இருக்கக் கூடாது என்றெல்லாம் பரிந்துரைத்தது. சொல்லி முடித்ததும் ஒரு பையன், "அதெல்லாம் திருநெல்வேலி பக்கம் மிஸ். மெட்ராஸ்ல யார் இதையெல்லாம் பார்க்கிறாங்க?" என்றான். பாதி வகுப்பு தலையாட்டியது.

அலபாமா தூரம். திருநெல்வேலியும் தூரம். இங்கே எதுவும் இல்லை.

இரண்டு ஜூரிகள்

ஆறாவது சனிக்கிழமை 24 பேரையும் பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரித்து இரண்டு அறைகளில் உட்காரவைத்தேன். இரண்டு ஜூரிக்கும் அரைப் பக்கத்தில் ஒரு வழக்கைக் கொடுத்தேன். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் சைக்கிள் காணாமல் போகிறது. நண்பனைப் பார்க்க வந்ததாகச் சொல்லும் 17 வயதுப் பையன் மீது வாட்ச்மேன் சந்தேகப்படுகிறார். பையன் 4 மணிக்கு உள்ளே போனான், 4.20க்கு வெளியே வந்தான். சைக்கிளோடு அவனை யாரும் பார்க்கவில்லை. கேமரா ஓடவில்லை. இரண்டு தாளும் ஒன்றுதான், ஒரு சொல்லைத் தவிர. ஒன்றில் பையன் பெசன்ட் நகர், இன்னொன்றில் கண்ணகி நகர்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. பெசன்ட் நகர் வசதியானவர்கள் இருக்கும் பகுதி. ஆற்றோரங்களிலும் நகரின் மற்ற இடங்களிலும் குடிசைகளில் இருந்த குடும்பங்களை 2000 வாக்கிலிருந்து கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம் கண்ணகி நகர், ஒக்கியம் துரைப்பாக்கத்தில். வேலை கேட்டுப் போனால் அட்ரஸைப் பார்த்ததும் எதிரே இருப்பவர் முகம் மாறுகிறது என்று அங்கே இருப்பவர்கள் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

தீர்ப்பு என்ன என்பதைவிட, முதலில் என்ன கேட்கிறார்கள் என்பதைக் குறித்துவைக்க ஒவ்வோர் அறையிலும் ஒருவரை நியமித்திருந்தேன். நல்லவேளையாக அப்படிச் செய்தேன். ஏனென்றால் தீர்ப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. ஓர் அறை "நிரூபிக்கவில்லை, விட்டுடலாம்" என்றது. இன்னொன்று "நிரூபிக்கவில்லை, ஆனா போலீஸ்ல சொல்லி வைக்கலாம்" என்றது. கேள்விகள்தான் வேறு வேறு ஊரிலிருந்து வந்த மாதிரி இருந்தன.

பெசன்ட் நகர் தாள் வைத்திருந்த அறையில்: கேமரா ஏன் ஓடல? வாட்ச்மேன் அப்ப எங்க இருந்தார்? சைக்கிளுக்குப் பூட்டு இருந்துச்சா?

கண்ணகி நகர் தாள் வைத்திருந்த அறையில்: அவனுக்கு அங்க என்ன வேலை? ஃப்ரெண்டுன்னு சொல்றானே, அந்த ஃப்ரெண்ட் ஒத்துக்கிட்டானா? இவன் மேல முன்னாடி ஏதாவது கேஸ் இருக்கா?

இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு, அந்த ஒரு சொல்லுக்குக் கீழே கோடு போட்டேன். சத்தமே இல்லை. மெட்ராஸில் யார் பார்க்கிறார்கள் என்று கேட்ட பையன் பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாடம் அருமையாக அமைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லோரும் போன பிறகு ஒரு பையன் நின்றான். 'முன்னாடி கேஸ் இருக்கா' என்று கேட்டவன் அவன்தான்.

"மிஸ், நான் அங்கதான் இருக்கேன்."

பள்ளிப் பதிவேட்டில் அவன் விலாசம் அடையாற்றில் இருக்கும் அத்தை வீடு. வகுப்பில் யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. "அப்புறம் ஏன்டா அப்படிக் கேட்ட?" என்று கேட்டேன். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னான்: "நான் கேக்கலைன்னா என்மேல டவுட் வரும்னு நினைச்சேன் மிஸ்."

இந்த ஆய்வில் மற்றதெல்லாம் மறந்தாலும் இந்த இடத்தை ஆசிரியர்கள் மனதில் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகளின் முன்முடிவை வெளியே கொண்டுவர நான் ஒரு பொறி வைத்தேன். அந்தப் பொறியின் பெயர் யாரோ ஒருவருடைய வீடாக இருக்கலாம், அவர் இதே அறையில் உட்கார்ந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கண்ணகி நகர்க்காரர்கள் வேறு எங்கோ இருக்கிறார்கள், என் வகுப்பில் இல்லை என்பது நான் சரிபார்க்காமலே வைத்திருந்த முடிவு. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல மிஸ், சொல்லிடாதீங்க" என்றான். சொல்லவில்லை. இதை எழுதுவதற்கு அவன் சம்மதம் வாங்கியிருக்கிறேன்.

தேரா மன்னா

அடுத்த வாரம் அந்தத் தாளை மறுபடி எடுப்பதா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டு உள்ளே போனேன். தமிழில் எப்போதும் முதல் மார்க் வாங்கும் ஒரு பெண் கையைத் தூக்கினாள். "மிஸ், கண்ணகி நகர்னு பேரு வச்சிருக்காங்க. கோவலனையும் விசாரிக்காமத்தானே வெட்டினாங்க?"

எனக்கு இது தோன்றியிருக்கவில்லை. இந்தப் புத்தகத்துக்குப் பொருத்தமான தமிழ்க் கதையைத் தேடி நான் எங்கெங்கோ போயிருந்தேன். அது ஊர்ப் பெயராகவே கண்ணெதிரில் இருந்திருக்கிறது. தமிழ் ஐயாவை அதற்கடுத்த சனிக்கிழமைக்கு அழைத்துக்கொண்டேன். கொலைக்களக் காதையை அவர் படித்துச் சொன்னார். கோவலனைப் பார்த்த காவலர்கள் முதலில் தயங்குகிறார்கள். இவன் தோற்றத்தைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே என்கிறார்கள். அப்போது பொற்கொல்லன் கோவலனைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. கள்வர்கள் பொதுவாக எப்படிப்பட்டவர்கள் என்று பாடம் எடுக்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டு வழி வைத்திருப்பார்கள் என்று விளக்குகிறான். சிலம்பைத் திருடியவனே அவன்தான். அவன் பேசி முடித்ததும் விவரம் தெரியாத காவலன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

"அட்டிகஸ் கடைசியா பேசுறதும் இதைத்தானே மிஸ்," என்றான் முன் பெஞ்ச் பையன். ஆமாம். கறுப்பினத்தவர் எல்லோரும் பொய் சொல்வார்கள், ஒருவரையும் நம்பக் கூடாது என்ற நினைப்பை நீங்களும் பகிர்வீர்கள் என்ற தைரியத்தில்தான் சாட்சிகள் வந்து நிற்கிறார்கள் என்று அட்டிகஸ் ஜூரியிடம் சொல்கிறார். ஒரு மனிதனைப் பற்றிய சாட்சியம் இல்லாத இடத்தில் அவனைப் போன்றவர்களைப் பற்றிய பேச்சு வந்து உட்கார்ந்துகொள்கிறது. 'கேஸ் இருக்கா' என்ற கேள்வியும் அங்கிருந்து வந்ததுதான். இதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள்.

பிறகு நடந்த விவாதம் இந்தப் பன்னிரண்டு வாரத்திலும் மிகச் சிறந்தது. மதுரையில் ஆதாரம் தண்டனைக்குப் பிறகு வந்தது. அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்துக் காட்டிய மறுநொடி 'யானோ அரசன் யானே கள்வன்' என்று மன்னன் விழுந்துவிட்டான். மேகோம்பிலோ ஆதாரம் தண்டனைக்கு முன்பே வந்துவிட்டது. டாமின் சூம்பிய கையைப் பன்னிரண்டு பேரும் பார்த்தார்கள். "பார்த்துட்டும் வீட்டுக்குப் போய்த் தூங்கிட்டாங்க. பாண்டியனாவது செத்தான்" என்றாள் அந்தப் பெண். இன்னொருவன் விடவில்லை: ஜூரி உடனே வரவில்லையே, பல மணி நேரம் உள்ளேயே இருந்தார்களே, யாரோ ஒருத்தர் உள்ளே சண்டை போட்டிருக்கிறார் அல்லவா? அப்படி ஒருவர் இருந்ததை அட்டிகஸ் பிறகு சொல்கிறார். நான் தமிழில் கதையாகச் சொல்லிக் கடந்துபோன அத்தியாயத்தில் வரும் விஷயம் அது. அவன் கவனித்துவைத்திருந்தான்.

இளங்கோ சொல்லும் 'தேரா' என்ற அந்த ஒரு சொல், இந்த நாவலை எப்படிக் கற்பிப்பது என்பதில் என் மனதை மாற்றியது. கண்ணகி மன்னனைக் கொடியவன் என்றோ இரக்கம் இல்லாதவன் என்றோ அழைக்கவில்லை, ஆராயாதவன் என்கிறாள். அதுவரை இதை இரக்கம் பற்றிய புத்தகமாகத்தான் நடத்திக்கொண்டிருந்தேன். இரக்கம் என் பிள்ளைகளிடம் நிறையவே இருந்தது. அவர்களும் நானும் செய்யாமல் விட்டது விசாரிப்பது.

மயெல்லா விஷயத்திலும் இது உதவியது. அந்த வகுப்புக்கு முன்பே தலைமையாசிரியையிடம் பேசிவைத்தேன். பேச்சின் நடுவில் ஒரு பிள்ளை தனக்கு நடந்த எதையாவது சொன்னால், பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி அதை நாம் தெரிவித்தே ஆக வேண்டும். இதற்குத் தயாராகாமல் இந்த அத்தியாயங்களைத் தொடக் கூடாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கரும்பலகை ஓரத்தில் எழுதிவிட்டுத்தான் தொடங்கினேன். "இதைப் படிச்சா பொண்ணுங்க பொய் சொல்லுவாங்கன்னு பசங்க பேசுவாங்க மிஸ்" என்று ஒரு பெண் வெளிப்படையாகவே சொன்னாள். அவள் பயம் சரியானது. திரும்பவும் 17ஆம் அத்தியாயத்துக்குப் போனோம். மயெல்லா உடம்பில் இருந்த காயங்கள் உண்மை. அப்படியிருந்தும் டாக்டரைக் கூப்பிடவில்லை என்று ஷெரீப்பே ஒப்புக்கொள்கிறார். அடிபட்ட பெண்ணுக்கும் அந்த ஊர் விசாரணை நடத்தவில்லை. டாமையும் மயெல்லாவையும் எதிரெதிராக நிறுத்திப் பேசிக்கொண்டிருந்த பிள்ளைகள் அங்கே சற்று நின்றார்கள்.

டாம் வீட்டில்

பத்தாவது வாரம் அந்தக் கண்ணகி நகர்ப் பையன், பல நாள் பேசாமல் இருந்துவிட்டு, ஒரு கேள்வி கேட்டான். "டாம் வீட்டுல என்ன பேசிக்கிட்டாங்கன்னு புக்ல எங்கயுமே இல்லையே மிஸ்?"

இல்லை. டாம் இறந்த செய்தியை அவன் மனைவி ஹெலனிடம் சொல்லப் போகும் காட்சியைக்கூட வெளியே நின்ற பிள்ளைகளின் கண் வழியாகத்தான் பார்க்கிறோம். அடிபட்ட வீட்டின் உள்ளே இந்த நாவல் போகவில்லை. இதை மறைக்காமல் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

அந்தக் குறையை ஓரளவாவது ஈடுகட்ட, பாமாவின் 'கருக்கு' நூலிலிருந்து ஒரு பகுதியை வாசித்தேன். 1992இல் வந்த தன்வரலாறு. தெருவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் வடைப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் முதலாளியிடம் நீட்டுகிறார். பார்க்கும் சிறுமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வகுப்பும் சிரித்தது. அதற்கப்புறம் அண்ணன் காரணம் சொல்கிறான்: இவர் கை பட்டால் தீட்டாம். சிரிப்பு அப்படியே பாதியில் நின்றது. ஒரு பெண் மெதுவாக, "எங்க வீட்டுல வேலை செய்யுற அக்காவுக்குத் தனி டம்ளர் இருக்கு மிஸ், பின்பக்க ஜன்னல்ல" என்றாள். யாரும் கேட்காமல் அவளாகச் சொன்னது.

கடைசி வேலையாக, அந்த இரவு ஹெலன் வீட்டுக்குள் நடந்ததை எழுதச் சொன்னேன். தமிழிலும் எழுதலாம், எழுத விருப்பம் இல்லாதவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கலாம் என்றேன். இரண்டு பேர் எழுதவில்லை.

இந்த ஆண்டு புது வகுப்போடு மறுபடி படிக்கப்போகிறேன். இரண்டு ஜூரி இருக்கும். ஆனால் தாளில் உண்மையான ஊர்ப் பெயர் இருக்காது. ஒன்றில் விலாசமே இல்லாமலும், இன்னொன்றில் வீட்டு வாரியக் குடியிருப்பு என்று மட்டும் போட்டும் பார்க்கலாமா என்று யோசித்தேன். அதுவும் யாரோ ஒருவர் வீடுதான் என்று அதையும் விட்டுவிட்டேன். பிள்ளைகளையே வழக்கை எழுதச் சொல்வதாக இருக்கிறேன். சிலப்பதிகாரம் பாதியில் வராது, முதல் வாரமே வரும்.

அந்தப் பையன் இப்போது பன்னிரண்டாவது படிக்கிறான். ஹெலன் வீட்டைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருந்தான். ஜூன் மாதம் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்று, அந்தத் தாள் இருந்தால் தர முடியுமா என்று கேட்டான். பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஜெராக்ஸ் எடுத்துவைக்கட்டுமா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான்.